11 வயதுப் பையனுக்கு ரெட்டினா விலகல்: பக்கிளா, விட்ரெக்டமியா?

தூறல்:

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 9 பக்கம் பவர், சின்ன வயதிலிருந்தே கண்ணாடிதான். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தவர்கள் இடது கண்ணில் ரெட்டினா, அதாவது விழித்திரை, கீழ்ப்பக்கமாக விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவன் ஒரு நாள்கூட சரியாகத் தெரியவில்லை என்று சொன்னதே இல்லை. மின்னல் மாதிரி வெட்டுகிறதா, பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டதற்கும் இல்லை என்றுதான் தலையாட்டினான். வலது கண்ணை மூடிவிட்டுக் கேட்டபோதுதான் மேலே ஒரு ஓரம் இருட்டாக இருக்கிறது என்றான்.

முதலில் பார்த்த ரெட்டினா டாக்டர் பக்கிள், அதாவது கண்ணுக்கு வெளியே தைக்கிற பட்டை, வைக்கலாம் என்றார். இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று போனோம், அவர் கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லை எடுக்கிற விட்ரெக்டமி செய்து உள்ளே சிலிக்கான் ஆயில் வைக்கலாம் என்கிறார். இருவருமே பொறுமையாகத்தான் பேசினார்கள், ஆனால் வெளியே வந்த பிறகு பாதி வார்த்தை நினைவில் இல்லை. ரெட்டினாவின் நடுவில் கூர்மையாகப் பார்க்க உதவுகிற மாக்குலா இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது, விலகல் அதற்குக் கீழே கொஞ்ச தூரத்தில் நிற்கிறது என்று மட்டும் இரண்டு பேரும் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் பக்கிள் பழைய காலத்து முறை, புதுசாக இருப்பதைச் செய்யுங்கள் என்கிறார்கள்.

ஒரே கண்ணுக்கு இரண்டு பேர் ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்? குழந்தைக்கு எது நல்லது என்று எதை வைத்து முடிவெடுப்பது? போன் அதிகம் பார்த்ததால்தான் இப்படி ஆனதா? எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள், இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

விழியோரம்:

அம்மா, நான் ரெட்டினா அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர், குழந்தைகளுக்கும் செய்கிறேன். உங்கள் மகனின் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்த்த இரண்டு பேரின் பேச்சுக்கு மேல் என் பேச்சு நிற்கக் கூடாது. ஆனால் அவர்கள் சொன்னதைப் புரிந்துகொண்டு திரும்பக் கேள்வி கேட்கிற அளவுக்கு உங்களுக்கு உதவ முடியும்.

போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போன் பார்த்ததால் ரெட்டினா விலகாது. இவ்வளவு மைனஸ் பவர் இருக்கிற கண் நீளமாக வளர்ந்திருக்கும், அதனால் ரெட்டினா ஓரங்களில் மெலிந்து, அந்த மெலிந்த இடத்தில் சின்ன வட்ட ஓட்டைகள் விழும். அந்த வழியாக நீர் மெதுவாக உள்ளே புகுந்து ரெட்டினாவைத் தூக்கும். இளம் வயதினருக்குக் கீழ்ப்பக்கம் வருகிற விலகல் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நகரும். அவன் சொல்லாததும் இதனால்தான். ஒரு கண்ணில் குறைந்தால் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும், எட்டுப் பத்து வயதுக் குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. குழந்தைகள் எங்களிடம் வரும்போது பாதிப் பேருக்கு மேல் மாக்குலாவும் சேர்ந்து விலகித்தான் வருகிறார்கள். உங்கள் மகனுக்கு அது நடப்பதற்கு முன்னால் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது பெரிய விஷயம்.

அடுத்து பழையது, புதியது என்கிற பேச்சு. 1920-கள் வரை ரெட்டினா விலகினால் அந்தக் கண் போனது போனதுதான். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஷூல் கோனான் என்கிற டாக்டர், விலகலுக்குக் காரணமே ரெட்டினாவில் விழுகிற ஓட்டைதான், அதைத் தேடிப் பிடித்து அடைத்தால் ரெட்டினா திரும்ப ஒட்டும் என்று செய்து காட்டினார். 1949-ல் எர்ன்ஸ்ட் கஸ்டோடிஸ் தொடங்கி 1950-களில் சார்லஸ் ஷெப்பென்ஸ் வளர்த்தெடுத்த பக்கிளும் சரி, 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கெமர் கொண்டுவந்த விட்ரெக்டமியும் சரி, அந்த ஓட்டையை அடைக்கிற வழிகள்தான். பெரியவர்களுக்கு இன்று விட்ரெக்டமியே அதிகம் நடக்கிறது, அதனால்தான் பக்கிளுக்குக் காலம் முடிந்துவிட்டது போல வெளியே தோன்றுகிறது. குழந்தையின் கண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது.

கண்ணுக்குள் விட்ரியஸ் என்கிற ஜெல் நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்துப்போய், ஐம்பது அறுபது வயதுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ரெட்டினாவை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த ஜெல்லை வெட்டி எடுப்பது எங்களுக்கு எளிது. 11 வயதில் அந்த ஜெல் கெட்டியாக, ரெட்டினா முழுவதும் இறுகப் பற்றிக்கொண்டு இருக்கும். விட்ரெக்டமியில் அதை உரிக்கும்போது புதிதாக ஓட்டை விழலாம். முழுவதும் உரிக்க முடியாமல் மிச்சம் விட்டால் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டு தழும்புத் திசு வளரும், அது சுருங்கி ரெட்டினாவை மறுபடி இழுத்துவிடும். இதை நாங்கள் பி.வி.ஆர். என்போம். குழந்தைகளுக்குக் காயம் ஆறுகிற வேகம் அதிகம் என்பதால் இந்தத் தழும்பும் வேகமாக வரும். குழந்தைகளின் விலகலில் ஒரே அறுவை சிகிச்சையில் ஒட்டுகிற வாய்ப்பு பெரியவர்களைவிடக் குறைவு என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பக்கிளில் கண்ணுக்குள்ளேயே போகாமல் வெளியிலிருந்து வேலை செய்கிறோம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் வெளியிலிருந்து க்ரையோ என்கிற உறைய வைக்கிற கருவியால் தொட்டு, அதற்கு மேலே வெண்விழியின் மீது சிலிக்கான் பட்டையைத் தைத்து வைப்போம். பட்டை கண்ணின் சுவரை உள்நோக்கி அழுத்தும், சுவர் ஓட்டைக்கு முட்டுக் கொடுக்கும், ஜெல்லின் இழுப்பும் தளரும். ஓட்டை அடைபட்டால் ரெட்டினாவுக்குக் கீழே உள்ள செல் அடுக்கு அங்கே தேங்கிய நீரைத் தானாகவே உறிஞ்சிவிடும். நீர் அதிகமாக இருந்தால் சின்னத் துளை போட்டு வடிப்பதும் உண்டு. விட்ரெக்டமியில் சிக்கலாக இருக்கிற அந்தக் கெட்டி ஜெல் இங்கே உதவிக்கு வருகிறது, உள்ளேயிருந்து அதுவே ரெட்டினாவைத் தாங்கிக்கொள்ளும். லென்ஸைத் தொடுவதே இல்லை. விட்ரெக்டமி, அதிலும் ஆயில் வைத்தால், பின்னாளில் கண்புரை வருகிற வாய்ப்பு அதிகம். புரை எடுத்து செயற்கை லென்ஸ் வைத்தால் கிட்டத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற இயல்பான சக்தி 11 வயதிலேயே போய்விடும். எழுபது வயதுக்காரரைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பில்லை, இவன் இன்னும் எத்தனையோ வருடம் படிக்க வேண்டியவன்.

அதற்காக இரண்டாவது டாக்டர் தவறு என்று நான் சொல்லவே இல்லை. பி.வி.ஆர். தழும்பு ஏற்கெனவே வந்திருந்தால், ஓட்டை ரொம்பப் பின்னால் இருந்தால், ரெட்டினா பெரிதாகக் கிழிந்து மடங்கியிருந்தால், உள்ளே ரத்தம் தேங்கி ஒன்றுமே தெரியாமல் இருந்தால், விட்ரெக்டமி இல்லாமல் முடியாது. சில கண்களுக்கு இரண்டையும் சேர்த்தே செய்வோம். விட்ரெக்டமி செய்தால் ரெட்டினாவை உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்க கேஸோ ஆயிலோ வைப்போம். ஆயில் எதற்கு என்றால், கேஸ் வைத்தால் சொன்னபடி தலையை வைத்துக்கொண்டு படுக்க வேண்டும், குழந்தைகள் அதற்கு ஒத்துழைப்பது கஷ்டம். எஸ்எஃப்6 என்கிற கேஸ் சுமார் இரண்டு வாரமும் சி3எஃப்8 என்கிற கேஸ் சுமார் இரண்டு மாதமும் கண்ணில் நிற்கும், அதுவரை விமானத்தில் ஏறக் கூடாது, வேறு எந்த அறுவைக்கு மயக்கம் கொடுத்தாலும் நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கக் கூடாது. ஆயிலில் இந்தக் கெடுபிடி குறைவு, ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும், அதிக நாள் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கருவிழியில் சுண்ணாம்பு மாதிரி படியலாம்.

அதனால் இரண்டாவது டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: ஓட்டை எந்த இடத்தில், எத்தனை? பி.வி.ஆர். இருக்கிறதா? பக்கிள் இந்தக் கண்ணுக்கு ஏன் போதாது என்று நினைக்கிறீர்கள்? அவர் சொல்கிற காரணம் மேலே எழுதியவற்றில் ஒன்றாக இருந்தால் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. குழந்தைக்கு இந்த இரண்டு முறையும் செய்து பழகியவரா என்பதையும் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அவசரம் பற்றி: மாக்குலா ஒட்டியிருக்கிறது, ஆனால் விலகல் பக்கத்தில் நிற்கிறது. புதிதாக மேல்பக்கம் விலகியிருந்தால் நாளையே செய்யுங்கள் என்பேன். இது கீழ்ப்பக்கம், மெதுவாக நகர்வது போலத் தெரிகிறது. ஆனாலும் இது வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. எத்தனை நாளுக்குள் என்று அவர்களிடமே தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஓடிப் பிடித்து விளையாடுவது, குதிப்பது, கண்ணைக் கசக்குவது எதுவும் வேண்டாம்.

சுழல்பந்து:

அக்கா, எனக்கு 17 வயதில் பக்கிள் வைத்தார்கள், இப்போது 24. பந்து கண்ணில் பட்டு நாலைந்து மாதம் கழித்துத்தான் பார்வையில் நிழல் விழுந்தது. ரெட்டினா அதன் வேரிலிருந்தே பிரிந்திருக்கிறது, டயாலிசிஸ் என்று பெயர், அடிபட்ட இளம் வயதினருக்கு இதுதான் வரும், பக்கிள்தான் இதற்குச் சரி என்று சொன்னார்கள். கிட்னி டயாலிசிஸ் என்று நினைத்து வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பையனிடம் முன்கூட்டியே சில விஷயம் சொல்லி வையுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் முதல் வாரம் ரொம்பப் பயந்தேன். மயக்கம் தெளிந்ததும் வாந்தி வரும், கண் தசையைப் பிடித்து இழுப்பதால் அப்படி வருமாம். கண் வீங்கி, இமை திறக்காமல், வெள்ளைப் பகுதி முழுவதும் சிவப்பாக இருக்கும். கண்ணை அசைத்தால் வலிக்கும், உள்ளே மணல் இருப்பது போல உறுத்தும், அது தையல். கொஞ்ச நாள் ஒன்று இரண்டாகத் தெரிந்தது, தானாகவே சரியானது. பார்வை உடனே தெளியவில்லை, மெதுவாக, பல மாதம் எடுத்துத்தான் தெளிந்தது. இடையில் கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருந்தது, அறுவை செய்த கண்ணில் மைனஸ் ஏறிவிட்டது.

பட்டை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, தொட்டாலும் தெரியாது, சிலிக்கான் என்பதால் உலோகம் கிடையாது. இப்போது வண்டி ஓட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன், விளையாடுகிறேன், ஆனால் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடாமல் மைதானத்தில் கால் வைப்பதில்லை. பாக்ஸிங் மாதிரி தலையில் அடி விழுகிற விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பச்சிலை:

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மூலிகைச் சொட்டு மருந்து, கண் பயிற்சி இரண்டும் ஒரு மாதம் முயன்று பார்க்கலாமே. சின்னப் பையன், உடம்பு தானாகவே சரிசெய்துகொள்ளும்.

விழியோரம்:

பச்சிலை, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதைப் படித்து யாராவது ஒரு மாதம் காத்திருந்துவிடக் கூடாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கண்ணின் மேற்பரப்பில் விடுகிற எந்தச் சொட்டும், அலோபதி சொட்டு உட்பட, ரெட்டினாவில் இருக்கிற ஓட்டையை அடைக்காது. பயிற்சியும் அடைக்காது. மாக்குலா விலகிய பிறகு அங்கே இருக்கிற பார்வைச் செல்கள் நாளாக நாளாகச் செத்துக்கொண்டே இருக்கும், பிறகு ரெட்டினாவை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அவை திரும்பி வராது. ஒரு மாதம் என்பது இந்தப் பையனுக்குப் படிக்கிற பார்வையை இழக்கிற காலமாக ஆகிவிடலாம்.

மழலைக்கண்:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவள். அறுவைக்குப் பிறகு இப்படிப்பட்ட குழந்தைகள் எங்களிடம்தான் வருவார்கள், அதாவது வர வேண்டும். நிறைய பேர் வருவதில்லை, ரெட்டினா ஒட்டிவிட்டது என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் மனசு ஆறாது. அவ்வளவு கஷ்டப்பட்டு ரெட்டினாவை ஒட்டவைத்து, பிறகு மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டதால் பார்வை வராமல் போன குழந்தைகளைப் பார்க்கும்போது தாங்க முடியாது.

பக்கிள், அதிலும் கண்ணைச் சுற்றி பெல்ட் மாதிரி முழுவதும் போடுகிற பட்டை, கண்ணை இறுக்கிக் கொஞ்சம் நீட்டிவிடும், அதனால் மைனஸ் பவர் கூடும். ஆயில் வைத்தால் பவர் எதிர்ப்பக்கமாகப் பல பாயிண்ட் நகரும். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமானால் மூளை தெளிவாகத் தெரிகிற கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும், சோம்பேறிக் கண் என்று சொல்கிறோமே, அதுதான். ஏழெட்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இது ரொம்ப வேகமாக நடக்கும். சரியான கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, அறுவை செய்த கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 11 வயது என்பதால் அந்த ஆபத்து குறைவு, இல்லாமல் போய்விடவில்லை. கண் ஓரளவு ஆறியதும் பவர் பார்த்து இடைக்காலக் கண்ணாடி வாங்கிவிடுங்கள், கடைசிப் பவர் நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வித்தியாசம் ரொம்ப இருந்தால் கண்ணாடியில் இரண்டு கண்ணும் சேராது, கான்டாக்ட் லென்ஸ் பற்றிக் கேளுங்கள்.

கைக்குழந்தைக்குப் பட்டை வைத்தால் இன்னொன்றும் உண்டு. கண் வளர வேண்டிய வயது என்பதால் ரெட்டினா உறுதியாக ஒட்டியதும் அந்தப் பட்டையை வெட்டிவிடுவார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். 11 வயதில் பொதுவாக அது தேவைப்படாது.

அப்புறம் ஸ்டீராய்டு சொட்டு. அறுவைக்குப் பின் எல்லோருக்கும் கொடுப்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சில குழந்தைகளுக்கு அதனாலேயே கண் அழுத்தம் ஏறும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள், சொன்ன தேதிக்கு மேல் நீங்களாக அந்தச் சொட்டைத் தொடர வேண்டாம்.

இளவேனில்:

தூறல், உங்கள் பதிவில் மைனஸ் 9, அதுவும் சின்ன வயதிலிருந்தே என்று படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கு ஸ்டிக்லர் சிண்ட்ரோம். பிறக்கும்போது அண்ணத்தில் பிளவு இருந்தது, அதைத் தைத்தார்கள். கொஞ்சம் காது மந்தம், மூட்டு எல்லாம் அளவுக்கு மேல் வளையும், மூக்கின் மேல்பகுதி தட்டையாக இருக்கும், கண் பவர் அதிகம். இவை எல்லாம் ஒரே மரபணுக் கோளாறு என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, ரெட்டினா விலகிய பிறகு ஒரு டாக்டர்தான் வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். 1965-ல் குன்னர் ஸ்டிக்லர் என்கிற குழந்தை மருத்துவர் ஒரு குடும்பத்தில் பல தலைமுறையாக இதைப் பார்த்து எழுதினாராம், அதனால் அந்தப் பெயர். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இது தெரிந்தால் என்ன வித்தியாசம் என்றால், இந்தக் குழந்தைகளுக்கு அடுத்த கண்ணும் விலகுகிற வாய்ப்பு மிக அதிகம், அதுவும் பெரிதாகக் கிழியும். அதனால் நன்றாக இருக்கிற கண்ணுக்கும் ஓரம் முழுவதும் சுற்றி முன்கூட்டியே லேசரோ க்ரையோவோ போடுகிறார்கள். என் மகளுக்கு அப்படிப் போட்டார்கள், அந்தக் கண் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. உங்கள் மகனுக்கு இது இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டுவிடுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தூறல்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சுழல்பந்து தம்பி எழுதியதை மகனையே படிக்கச் சொன்னேன், அதன் பிறகு அவன் முகமே மாறிவிட்டது, அவன் கேட்ட முதல் கேள்வி "அந்த அண்ணா திரும்ப விளையாடினாரா" என்பதுதான்.

இரண்டாவது டாக்டரிடம் திரும்பப் போய் நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கேட்டோம். ரெட்டினாவில் ஒரு கோடு மாதிரி தெரிந்ததை பி.வி.ஆர். தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட்டுத்தான் விட்ரெக்டமி சொன்னாராம். மறுபடி கண்ணை அழுத்திச் சுற்றிலும் பார்த்துவிட்டு, இது பழைய விலகல் நின்று நின்று நகர்ந்ததால் விழுந்த கோடு, தழும்பு இழுப்பு இல்லை, ஓட்டைகள் எல்லாம் முன்பக்கம்தான் இருக்கின்றன, அதனால் பக்கிளே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். ஸ்டிக்லர் பற்றியும் கேட்டேன். அண்ணம், காது, மூட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வலது கண்ணிலும் மெலிந்த இடமும் இரண்டு ஓட்டைகளும் இருக்கின்றன, விலகல் இல்லை, மயக்கத்திலேயே அதற்கும் லேசர் போட்டுவிடலாம் என்றார். இந்த வாரத்திலேயே தேதி கொடுத்துவிட்டார்கள். மகளையும் காட்டச் சொல்லியிருக்கிறார்.

செம்பருத்தி:

இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை, மன்னிக்கவும். என் குழந்தை 27 வாரத்தில் பிறந்தது. ஆர்.ஓ.பி., அதாவது குறைமாதக் குழந்தைக்கு வருகிற ரெட்டினா நோய், என்று லேசர் போட்டார்கள், இப்போது 4ஏ நிலைக்குப் போய்விட்டது, உடனே அறுவை வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு பக்கிள் பாதுகாப்பானது இல்லையா, ஏன் விட்ரெக்டமி?

விழியோரம்:

தாராளமாகக் கேட்கலாம் அம்மா, மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லாக் குழந்தைக்கும் பக்கிள்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இந்தக் கேள்வி வந்தது நல்லதுதான். தூறல் அம்மாவின் மகனுக்கு ஓட்டையால் வந்த விலகல். உங்கள் குழந்தைக்கு ஓட்டையே இல்லை. குறைமாதத்தில் பிறந்ததால் ரெட்டினாவின் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியவில்லை, வேண்டாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்து, அவற்றோடு தழும்புத் திசுவும் வளர்ந்து, அது சுருங்கி ரெட்டினாவை மேலே இழுக்கிறது. இழுக்கிற அந்தத் திசு கண்ணுக்குள் இருப்பதால் உள்ளே போய்த்தான் அதை அறுத்துவிட வேண்டும்.

4ஏ என்றால் விலகல் தொடங்கிவிட்டது, ஆனால் மாக்குலா இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். மாக்குலாவும் விலகினால் 4பி, முழுவதும் விலகினால் 5. லென்ஸை எடுக்காமலேயே செய்கிற விட்ரெக்டமி இந்த 4ஏ நிலையில்தான் மிக நல்ல பலன் தரும். 5-க்குப் போய்விட்டால் ஒட்டவைத்தாலும் வெளிச்சமும் உருவமும் தெரிகிற அளவுக்கு மேல் பார்வை கிடைப்பது அரிது. இந்த நோயில் நாட்களுக்குள் நிலை மாறும், அதனால் உடனே என்று அவர்கள் சொன்னால் உடனேதான். குறைமாதக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரும், பிறகு மூச்சைக் கவனிக்கப் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் (என்.ஐ.சி.யூ.) இருக்கிற இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். குழந்தையின் ரெட்டினாவில் அறுவையின்போது ஒரு சின்ன ஓட்டை விழுந்தால்கூட அதைச் சரிசெய்வது மிகக் கடினம், அதனால் இதை அடிக்கடி செய்கிறவரிடம் போவது முக்கியம்.

இதைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கும் ஒன்று. குழந்தையின் கண்மணி போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தால் அது விலகலாகவும் இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தக் கட்டி இருக்கிற கண்ணைத் தெரியாமல் திறந்து விட்ரெக்டமி செய்தால் புற்று வெளியே பரவும். அதனால்தான் சின்னக் குழந்தைக்கு முதலில் மயக்கத்தில் வைத்து முழுப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்கிறோம். ஏன் இத்தனை பரிசோதனை என்று அலுத்துக்கொள்ளாமல் செய்துகொள்ளுங்கள்.

தூறல்:

அறுவை நல்லபடியாக முடிந்தது. வாந்தி, வீக்கம், உறுத்தல் எல்லாம் தம்பி சொன்னபடியே, முன்னாலேயே தெரிந்ததால் அவன் பயப்படவில்லை. மகளையும் காட்டினோம், அவளுக்கும் ஓரத்தில் மெலிவு இருக்கிறது, ஓட்டை இல்லை, வருடா வருடம் பார்த்தால் போதும் என்றார்கள்.

ஒரே ஒரு கவலை. சில வாரம் ஆகியும் ரெட்டினாவுக்குக் கீழே கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்கிறார்கள். டாக்டர் பார்க்கலாம் என்கிறார். இது தோல்வியா? மறுபடி அறுவை வருமா?

விழியோரம்:

நல்ல செய்தி, மகிழ்ச்சி. நீர் மிச்சம் இருப்பதை மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்ல முடியாது. நாள்பட்ட விலகலில் தேங்கிய நீர் கெட்டிப்பட்டு இருக்கும், இளம் கண்களில் அது முழுவதும் வற்ற மாதக்கணக்கில் ஆவது சகஜம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: ஓட்டை பட்டையின் மேல் சரியாக உட்கார்ந்து அடைபட்டிருக்கிறதா, போன முறையைவிட நீர் குறைந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் காத்திருப்பதுதான் சரி, அவசரப்பட்டு உள்ளே போனால் வேண்டாத சிக்கல் வரும். நீர் கூடினாலோ ஓட்டை திறந்திருந்தாலோ அவர்களே மறு அறுவை பற்றிப் பேசுவார்கள்.

அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டியவை: நிழல் திரும்ப வருவது, திடீரென்று நிறைய கரும்புள்ளிகள் மிதப்பது, குறைந்துவந்த வலியும் சிவப்பும் மறுபடி கூடுவது, கண்ணிலிருந்து சீழ் வருவது. இரண்டு கண்ணுக்குமே இது பொருந்தும். வாரம் ஒரு முறை ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவரில் இருக்கிற காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள், நான்கு மூலையும் தெரிகிறதா என்று கேளுங்கள். அவனாக வந்து சொல்ல மாட்டான் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

சுழல்பந்து:

அக்கா, அவனிடம் சொல்லுங்கள், அண்ணா திரும்ப விளையாடினான். டாக்டர் சரி என்ற பிறகு, பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொண்டு.